ஈசானி மூலையில் ஒற்றைப் பச்சை

மண்ணைத் தூங்க வைத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. குறட்டைச் சத்தம் ஒன்றுதான் கேட்கவில்லை. மற்றபடி உடுமலைக்குக் கிழக்கே அத்தனை கிராமத்து மண்ணும், கல்யாண விருந்தை ஒரு கை பார்த்துவிட்டுப் பாயில் விழுந்த மாமனார் மாதிரி அசையாமல் கிடந்தது.

தூங்க வைத்ததற்குக் காரணம் இருந்தது. நாலு தலைமுறையாகக் கொட்டிய உரத்தை மண்ணுக்குள் இருந்த நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றிக்கொண்டே இருந்தன. அது மழையோடு இறங்கிக் கிணற்றில் சேர்ந்தது. 2058-ஆம் வருஷம் தொட்டில் குழந்தைகளின் உதடுகள், நாவல்பழம் தின்ற உதடு போல நீலம் பாரிக்கத் தொடங்கின. அரசாங்கம் அலறியடித்துக்கொண்டு எழுந்தது. அந்த நுண்ணுயிர்களை மூன்று வருஷம் தூங்க வைக்கும் மருந்தை ட்ரோன்கள் தெளித்தன. கிணறுகள் தெளிந்தன. அதன்பின் ஒரு குழந்தைக்கும் உதடு நீலமாகவில்லை. அதுவரைக்கும் சுபம்.

பயிர்தான் மாட்டிக்கொண்டது. போட்ட உரமெல்லாம் அம்மோனியமாகவே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. தக்காளியும் மிளகாயும் முதல் வாரத்திலேயே மண்டையைப் போட்டன. மக்காச்சோளம் மட்டும் போனால் போகிறதென்று இரண்டு மூன்று இலை விட்டுப் பார்த்துவிட்டு, பன்னிரண்டாம் நாள் மஞ்சளடித்துச் சாய்ந்தது. அம்மோனியத்தைத் தின்று செரிக்கிற மக்காச்சோளம் ஒன்றைத் தேடிப் பிடிக்கும் வேலை ஆராய்ச்சி நிலையத்தில் கருணாம்பிகையின் தலையில் விழுந்தது.

அவள் இருநூற்று நாற்பது ரகங்களை இருநூற்று நாற்பது தட்டுகளில், மண்ணே இல்லாமல், அம்மோனியத் தண்ணீரில் முளைக்க வைத்தாள். அந்தக் கூடத்தின் நாற்றம் இருக்கிறதே, ஈ கூட உயில் எழுதி வைத்துவிட்டுத்தான் உள்ளே வரும். பதினான்காம் நாள் இருநூற்று முப்பத்தொன்பது தட்டும் மஞ்சளாகச் சுருண்டிருக்க, பதினேழாம் தட்டு மட்டும் கிளிப்பச்சையாக நின்றது. அதுதான் பதினேழாம் நம்பர் சோளம். போன வருஷம் கரிசல் காடுகளில் விதைத்ததில், பாதி உயரம் ஏறிய அணில் இளைப்பாறிவிட்டு மீதியை ஏறியது என்று பேசிக்கொண்டார்கள்.

பேர் வாங்கியது சோளமோ கருணாம்பிகையோ இல்லை, ஆறுக்குட்டி. அறுபத்தொரு வயது. இருபத்தாறு வருஷமாக அந்தக் கூடத்தில் தட்டுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற தினக்கூலி. அதுவரைக்கும் கல்யாண வீட்டுக்காரர்கள் அவரை “நேரத்தோட வந்துருங்க” என்று அழைத்தால், செருப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அர்த்தம். பதினேழாம் தட்டைக் கையில் ஏந்தியபடி அவர் நின்ற படம் பேப்பரில் வந்ததும் எல்லாம் மாறிப்போயிற்று. அவருக்குக் கைராசி என்று பேச்சு கிளம்பியது. விதைப்பு என்றால் வண்டி அனுப்பி அழைத்துப் போனார்கள். எந்தக் காடானாலும் வடகிழக்கில், ஈசானி மூலையில், முதல் விதையை ஆறுக்குட்டிதான் போட வேண்டும். அவரும் வெள்ளைச் சட்டை ஒன்று தைத்துக்கொண்டார். அதைப் போட்டால் நடையே மாறிவிடும்; நாலு பேர் குடை பிடித்து வருவது போல நிதானமாக நடப்பார்.

இந்த ஆவணியில்தான் பதினேழாம் நம்பர் முதன்முதலாகச் செம்மண்ணுக்குப் போனது. முதல் தவணையாகப் பத்துப் பதினைந்து காடுகள். புரட்டாசியில் இரண்டாம் தவணை, சுற்றுவட்டாரச் செம்மண் கிராமங்கள் அத்தனைக்கும். அதற்குப் பதினைந்து நாள் இருக்கையில், முதல் தவணைச் சோளம் மஞ்சளாகிறது என்று தகவல் வந்தது.

கருணாம்பிகை ஆறுக்குட்டியையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பை எடுத்தாள்.

ராமாத்தாள் வரப்பிலேயே காத்திருந்தாள். செம்மண் ஐந்து ஏக்கர். நாக்கு ஐம்பது ஏக்கர்.

“வாங்க மேடம். சோளம் வெதைக்கச் சொன்னீங்க, மஞ்சக்கெழங்கு மொளச்சிருக்குது. பொங்கலுக்கு ஆகும், ஒரு கொத்துப் பறிச்சுட்டுப் போங்க.”

கருணாம்பிகை குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கினாள். வேர் பழுப்பேறி, எலிவால் முனை போலக் குட்டையாக இருந்தது.

“தண்ணி ஒழுங்கா விட்டீங்களா?”

“இல்லீங், பன்னீர் தெளிச்சு வளர்த்தேன். நீங்க கேக்கறதப் பாரு!” என்றாள் ராமாத்தாள். பிறகு குரல் தணிந்தது. “வெதைய நான் கொறை சொல்ல மாட்டேனுங். என்ற கையத்தான் சொல்லோணும். அந்தா, ஈசானி மூலையப் பாருங்க. அண்ணன் போட்டது.”

ஐந்து ஏக்கர் மஞ்சளுக்கு மூலையில் ஒரே ஒரு நாற்று, அடர்பச்சையாக, முழங்கால் உயரத்துக்கு நின்றது. சுற்றிலும் முள்வேலி. தண்டில் குங்குமம். காற்றுக்கு அது லேசாகத் தலையசைத்த தோரணையில் ஒரு மந்திரிக்களை இருந்தது.

“என்ற கையில என்னம்மா இருக்குது, எல்லாம் மாகாளியாத்தா பண்றது” என்றார் ஆறுக்குட்டி, மாகாளியாத்தாவுக்கு அதில் நூற்றில் ஒரு பங்குதான் என்பது போன்ற முகத்தோடு.

அடுத்து கிட்டுசாமி காடு. நாலு ஏக்கர் மஞ்சள், ஈசானி மூலையில் ஒற்றைப் பச்சை. அதற்கடுத்த காட்டிலும் அப்படியே. கருணாம்பிகைக்கு முதுகுத்தண்டில் எறும்பு ஊர்ந்தது. தெய்வத்தை அவள் மறுத்ததில்லை. ஆனால் தெய்வம் காட்டுக்கு ஒரு நாற்று வீதம் அளந்து கொடுக்கும் என்று அவள் எங்கும் படித்ததில்லை. பையிலிருந்து சோதனைத் தாளை எடுத்தாள். மஞ்சள் நாற்றின் காலடி மண்ணைக் கரைத்துத் தொட்டாள், தாள் சிவந்தது. புளிப்பு. பச்சை நாற்றின் காலடி மண்ணைத் தொட்டாள், தாள் நீலமானது.

திரும்பிப் பார்த்தாள். வேப்பமர நிழலில் ஆறுக்குட்டி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். டப்பாவிலிருந்து சுண்ணாம்பை விரலில் வழித்து, வெற்றிலையின் முதுகில் தடவி, மடித்து வாயில் வைத்தார். விரலில் மிச்சமிருந்ததைத் துடைக்க மரம் பக்கத்திலேயே இருந்தும், ஓரக்கண்ணால் அவளைப் பார்த்துவிட்டு, உள்ளங்கையிலேயே தேய்த்துக்கொண்டார்.

“அண்ணா, வெதை போடறதுக்கு முன்னாடி வெத்தலை போடுவீங்களா?”

“பின்னே? வெறும் வாயோட நல்ல காரியத்துல கை வெக்கலாமுங்களா, அம்மிணி?”

“கூடத்துல தண்ணி ஊத்தறப்ப?”

ஆறுக்குட்டி மென்றதை நிறுத்தினார். “அங்கயுந்தானுங். ஆனா நீங்க சத்தம் போட்டதுலருந்து தூண்ல தடவறதில்லீங். சத்தியமா.”

அவளுக்கு நினைவு வந்தது. கூடத்துக்கு வெள்ளையடித்த மறுநாள், தூணில் சுண்ணாம்புக் கோடுகளைப் பார்த்துவிட்டு, இனி ஒரு பொட்டு பார்த்தால் வேலைக்கே வர வேண்டாம் என்று பத்துப் பேர் முன்னால் கத்தியிருந்தாள்.

“அப்ப எங்க தடவுவீங்க?”

“தடவறதே இல்லீங். தூணுக்குப் பக்கத்துத் தட்டுல வெரல அலசிக்குவேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு வாட்டி. தண்ணிதானுங்களே, ஒண்ணும் ஆவாதுன்னு…”

எந்தத் தட்டு என்று அவள் கேட்கவில்லை. தூணுக்குப் பக்கத்தில் இருந்தது ஒரே தட்டு. அதன் படம் பேப்பரில் வந்திருந்தது.

இயக்குநரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள்.

“தட்டுத் தண்ணி புளிப்பாயிருக்கான்னு தினமும் அளக்கணும்னு விதியே இருக்கே? அளக்கலையா?”

“தொட்டியில அளந்தேன் சார். எல்லாத் தட்டுக்கும் ஒரே தொட்டித் தண்ணிதானேன்னு…”

“மத்த இருநூத்து முப்பத்தொன்பது ரகமும் பத்திரமா இருக்கில்ல?”

“குளிரறையில பதினேழுக்கே இடம் பத்தல. கோழிப்பண்ணைக்கு அனுப்பிட்டோம்.”

உண்மையாகவே அம்மோனியம் தாங்குகிற சோளம் அந்த இருநூற்று முப்பத்தொன்பதில் ஒன்று இருந்திருக்கலாம். அது இந்நேரம் முட்டையாகி, ஆம்லெட்டாகி, ஏதோ லாரி டிரைவரின் வயிற்றில் செரித்திருக்கும்.

“வேற ரகங்கள் வெளிநாட்டுலருந்து வர ஏழு மாசம் ஆகும்” என்றார் இயக்குநர். “மண்ணு முழிக்க ஒன்றரை வருஷம். இரண்டாம் தவணையை நிறுத்தினா செம்மண்காரங்க என்ன பண்ணுவாங்க? சுண்ணாம்பு வெச்சா நிக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. குழிக்கு ஒரு பொட்டுச் சுண்ணாம்பு வெச்சு விதைக்கச் சொல்லுங்க. எதுக்கு, என்னான்னு விளக்கிட்டிருக்காதீங்க.”

அப்படியே சொல்லிப் பார்த்தாள். கிட்டுசாமி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ஏக்கருக்கு முப்பதாயிரம் குழிங்க. குழி குழியா சுண்ணாம்பு வெச்சுட்டிருந்தா கை புண்ணாயிருமுங்க. எதுக்கு அந்தப் பாடு? எங்க கைதானே ராசியில்ல? அண்ணன மூட்டைக்கு ஒருக்கா தொட்டுக் குடுக்கச் சொல்லுங், போதும்.”

அன்றைக்கே நிலையத்து வாசலில் வரிசை நின்றது. காலிச் சாக்கைக்கூடக் கொண்டுவந்திருந்தார்கள். முன்கூட்டியே தொட்டு வைத்துக்கொள்ள. ஆறுக்குட்டி வெள்ளைச் சட்டையில், ஒவ்வொரு சாக்காகத் தொட்டுக்கொண்டிருந்தார். இடையில் யாரோ கைக்குழந்தையை நீட்ட, அதையும் தொட்டார்.

இதை நிறுத்தாவிட்டால் அத்தனை பேரும் வெறும் விதையைத்தான் விதைப்பார்கள். புரட்டாசி மழை முடிவதற்குள் அத்தனை காடும் மஞ்சளாகும். கருணாம்பிகை அவரைக் கூடத்துக்குள் கூப்பிட்டாள்.

“உக்காருங்கண்ணா. ஒண்ணு சொல்லணும். உரம்ங்கறது அரிசின்னு வெச்சுக்குங்க. மண்ணுல இருந்த கண்ணுக்குத் தெரியாத உயிருங்க சமையல்காரங்க. அவங்க அரிசிய வடிச்சு நைட்ரேட்டுன்னு சோறாக்கிப் போட்டாங்க, பயிர் சாப்பிட்டுது. இப்ப சமையல்காரங்களத் தூங்க வெச்சுட்டோம். பயிர் பச்சரிசியா திங்குது.”

“வவுறு வலிக்குமுங்களே.”

“வலிக்குது. திங்கத் திங்க வேர் புளிப்பக் கக்குது. அந்தப் புளிப்பே வேர அரிக்குது. அதான் மஞ்சளாகுது. சுண்ணாம்பு பட்டா புளிப்பு அடங்கிரும். கரிசல்ல மண்ணுக்குள்ளயே சுண்ணாம்புக் கல் கெடக்கு, அதனால நின்னுச்சு. செம்மண்ணுல இல்ல. பதினேழாம் தட்டுல…” முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், பாடம் நடத்துகிற குரலிலேயே முடித்தாள். “பதினேழாம் தட்டுல உங்க வெரல் சுண்ணாம்பு இருந்துது. ஈசானி மூலையிலயும் அதுதான்.”

ஆறுக்குட்டி தம் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டைக்கடையில் விலை கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்கப் போகிற துணியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“அப்ப என்ற கையில ஒண்ணுமில்லீங்களா, அம்மிணி?”

சொல்வதற்கு நயமான வார்த்தைகள் நாலைந்து இருந்திருக்கும். அவளுக்கு அப்போது ஒன்றும் வரவில்லை.

“இல்லண்ணா.”

வெளியே சாக்கு வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் அந்தப் பக்கம் பார்த்தபடி சொன்னார்:

“ஒரு வருசம் நல்லா இருந்துதுங். ஊர்த் தேருக்கு வடத்தத் தொட்டுக் குடுக்கச் சொல்லிக் கூப்புட்டாங்க. பேரன் எடுக்கற வயசுல, என்ற சம்சாரம் மொத வாட்டியா எனக்குப் பயந்தா.” எழுந்தார். “நீங்க போயி சுண்ணாம்புதான்னு சொன்னா நம்ப மாட்டாங்க. பொறாமையில சொல்றாங்கம்பாங்க. இந்தக் கையே சொல்லோணும்.”

மறுநாள் ராமாத்தாள் காட்டில், மறுஉழவு போட்ட ஒரு துண்டு நிலத்தில் ஊரே கூடியது. ஆறுக்குட்டி பம்புசெட்டுத் தொட்டியில் கையை நனைத்து, புளி போட்டுத் தேய்த்தார். சீயக்காய் போட்டுத் தேய்த்தார். சோப்புப் போட்டுத் தேய்த்தார். செங்கல்பொடியையும் விடவில்லை. இருபத்தாறு வருஷத்து அழுக்கோடு ரேகையும் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. வாயில் வெற்றிலை இல்லை. வெற்றிலை இல்லாத அந்த வாய் வேறு யாரிடமோ இரவல் வாங்கியது போல இருந்தது.

“ஏனுங்ணா, கையக் கழுவறீங்களா, கழட்டறீங்களா?” என்றாள் ராமாத்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

கருணாம்பிகை சோதனைத் தாளை அவர் விரலில் ஒற்றினாள். நிறம் மாறவில்லை. அவர் ஈசானி மூலையில் ஒரு விதையைப் போட்டு மூடினார். எதிர்மூலையில் ராமாத்தாள் சுண்ணாம்பு தோய்ந்த விரலால் ஒன்றைப் போட்டாள்.

“எல்லாருங் கேட்டுக்குங்க” என்றார் ஆறுக்குட்டி. குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்தது. “பன்னண்டு நாள் கழிச்சு வந்து பாருங்க. ராமாத்தா வெதை பச்சையா நிக்கும். என்றது மஞ்சளாயிரும். நின்னது சுண்ணாம்பு, நானில்ல. அப்புறமாச்சும் அம்மிணி சொல்றதக் கேளுங்க.”

“பன்னண்டு நாளும் யாரும் கிட்ட போகக் கூடாது” என்றாள் கருணாம்பிகை.

ஒன்பதாம் நாள் அவளே போனாள். பார்த்துவிட்டு வரத்தான் போனாள். எதிர்மூலையில் ராமாத்தாளின் நாற்று, பாடப்புத்தகத்தில் வரைந்து வைத்தாற்போல் பச்சையாக இருந்தது. ஈசானி மூலையில் ஆறுக்குட்டியின் நாற்று அடியிலை மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. கணக்குப் பிசகவில்லை. அவள் சொன்னது சொன்னபடி நடந்துகொண்டிருந்தது. முப்பது வருஷ உத்தியோகத்தில் தன் கணிப்பு பலிக்கக் கூடாதென்று அவள் ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஜீப்பில் சுண்ணாம்பு இருந்தது. விதைப்புக்கு மாதிரி காட்டுவதற்காக வாங்கியது. ராமாத்தாளுடையது அவ்வளவு பச்சையாக நிற்கையில் சுண்ணாம்பின் பெருமைக்கு இன்னொரு சாட்சி எதற்கு என்று தோன்றியது. கிழவருடையது அவ்வளவு மஞ்சளாக இருக்க வேண்டாம்; லேசாக வெளிறியிருந்தால் போதும். ஒரு சிட்டிகை எடுத்து நாற்றின் காலடியில் போட்டு மண்ணைத் தள்ளினாள். திருடியவள் போல ஜீப்புக்கு வேகமாக நடந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் திருவிழாக் கூட்டம். ஆறுக்குட்டி சாதாரணச் சட்டையில் முன்னால் நடந்தார். எதிர்மூலையில் ராமாத்தாளின் நாற்று கும்மென்று நின்றது. எல்லாரும் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஈசானி மூலைக்குத் திரும்பினார்கள்.

அங்கே பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. நாற்று வெந்து, வெளுத்து, தீயில் காட்டிய பஞ்சுத்திரி போலச் சுருண்டு கிடந்தது. கிட்டே போனவர்களுக்குக் கண் எரிந்தது. அம்மோனிய நெடி மூக்கைப் பிய்த்தது.

ஆறுக்குட்டி குத்தவைத்து உட்கார்ந்தார். தொடக் கையை நீட்டியவர், தொடாமல் இழுத்துக்கொண்டார்.

“மஞ்சளாவும்னுதானே சொன்னீங்க, அம்மிணி?”

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து வரப்பேறிப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் கருணாம்பிகை மண்ணைக் கிளறினாள். சுவர் கட்டப் போதுமான சுண்ணாம்பு. அவளுடைய சிட்டிகைக்கு இவ்வளவு தெம்பு கிடையாது.

“யார் போட்டது?”

எல்லாரும் தங்கள் கால் கட்டைவிரலை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் போலப் பார்த்தார்கள். ராமாத்தாள்தான் முதலில் உடைந்தாள்.

“ஒரு கொட்டப்பாக்கு அளவுதானுங் வெச்சேன். கையக் கழுவிக் கழுவி அந்த மனுசன் நின்னது கண்ணுலயே நின்னுச்சு. மஞ்சளா நின்னா மனசு ஒடிஞ்சிருமேன்னு.”

“நான் எலந்தப்பழம் அளவு” என்றார் கிட்டுசாமி.

“நீங்களுமா?” என்றாள் ராமாத்தாள்.

ஒவ்வொருவராக வந்தது. ஒருத்தர் சுண்ணாம்புத் தண்ணீராகக் கரைத்து ஊற்றியிருந்தார். ஒருத்தர் வெள்ளையடித்தது போக மிஞ்சியதை வாளியோடு கொண்டுவந்திருந்தார். பதினோரு பேர். ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர், அடியிலை மஞ்சளான பிறகு வந்த மூன்றே நாளில், பின்னங்கால் பிடரியில் பட வந்துபோயிருந்தார்கள்.

“பன்னண்டு” என்றாள் கருணாம்பிகை. “நானும் ஒரு சிட்டிகை.”

ஒருவரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“அளவுக்கு மீறினா சுண்ணாம்பே அம்மோனியத்தக் காத்தாக் கெளப்பி விட்டுரும். அந்தக் காத்துதான் பொசுக்கியிருக்கு. குழிக்கு ஒரு பொட்டு, அவ்வளவுதான்” என்றாள் அவள். எல்லாரும் தலையாட்டினார்கள். சுண்ணாம்பை அவர்கள் எப்போதோ நம்பிவிட்டிருந்தார்கள். நம்பாமலா திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து கொட்டினார்கள்?

அந்த வாரம் உடுமலைச் சுற்றுவட்டாரத்தில் வெற்றிலைக்குத் தடவச் சுண்ணாம்பு கிடைக்காமல் நாலு கிராமத்துக்காரர்கள் வெறும் பாக்கை மென்றார்கள். செம்மண் காடெல்லாம் பெண்கள் வரிசையாகக் குனிந்து, சுண்ணாம்பு விரலால் குழி குழியாக விதைத்தார்கள். மூன்றாம் நாளே விரல் நுனி வெந்தது. வாழை மட்டையைச் சுற்றிக்கொண்டு போட்டார்கள், வேட்டித்துணியைச் சுற்றிக்கொண்டு போட்டார்கள். ராமாத்தாளுக்குச் சுட்டுவிரலில் நகமே கழன்றது. “நகந்தானே, சோளமா?” என்றாள். பன்னிரண்டாம் நாள் பச்சை பிடித்தது.

அத்தனை காட்டிலும் ஆறுக்குட்டியைக் கூப்பிட்டார்கள். ஒன்றுக்கும் அவர் போகவில்லை.

கூடத்துக்கும் எட்டு நாள் வரவில்லை. ஒன்பதாம் நாள் மத்தியானம் வந்தார். சம்பளப் பதிவில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டு அவள் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

“தட்டுக்குத் தண்ணி ஊத்த வேற ஆளப் பாத்துக்குங்க, அம்மிணி. புது ரகமெல்லாம் வருதுன்னு சொன்னாங்க. அதுங்க பக்கத்துல நான் இருக்கக் கூடாது.”

கருணாம்பிகை எழுந்தே விட்டாள். “அண்ணா, உங்க கை ஒண்ணும் பண்ணல. நான்தான் சுண்ணாம்பு வெச்சேன். ஒன்பதாம் நாளு. ராமாத்தா வெச்சாங்க, கிட்டுசாமி வெச்சார், பன்னண்டு பேர் வெச்சோம். உங்களுக்கு மனசு நோகக் கூடாதுன்னு. எல்லாரும் சேந்துதான் அதப் பொசுக்குனோம்.”

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சிரித்தார். இரவல் வாயின் சிரிப்பு.

“ராமாத்தாளும் வந்து இதையேதானுங் சொன்னா. கிட்டுசாமி மாப்ளயும். எல்லாருங் கூடிப் பேசி வெச்சிருக்கறீங்க.”

“சத்தியமாண்ணா!”

“அன்னிக்கு என்ற கையில ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே, அப்ப உங்க மூஞ்சி கல்லாட்டம் இருந்துதுங். அதனால நம்புனேன். இன்னிக்குக் கண்ணு கலங்கிப்போயிச் சொல்றீங்க. எனக்காகப் பொய் சொல்றப்பத்தான் அம்மிணிக்குக் கண்ணு கலங்கும்.”

“எனக்கு… அப்படியில்லண்ணா.”

“மனசு இருக்கறவங்க நீங்க. நல்லா இருங்க” என்றார்.

திரும்பி நடந்தார். கூடத்தின் கதவு கனமான கதவு. நெடி வெளியே போகாமல் இருக்க ரப்பர் வைத்து அடைத்தது. இருபத்தாறு வருஷமாக ஒரு கையால் தள்ளித் திறந்தவர். கதவருகே நின்றார். அதன் ஓரத்தில், வெளிச்சம் விழும் இடத்தில், யாரோ விளையாட்டாக ஊன்றிய நாற்று ஒன்று சின்னத் தொட்டியில் இருந்தது. அதைப் பார்த்து ஒதுங்கி, கையை முதுகுப் பக்கமே வைத்துக்கொண்டு, தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளித் திறந்து, பக்கவாட்டில் நுழைந்து போனார்.